இடது கைக்கு மட்டும்

பேச்சியம்மாள் எரிகிற சட்டத்தைக் கீழே போடவில்லை. அன்றைக்குப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். மருந்தில் முக்கிக் காயவைத்த தீக்குச்சிகளை வரிசையாகச் செருகியிருக்கும் மரச்சட்டம் அது. இரண்டாயிரம் குச்சிக்குக் குறையாது. பிரித்துக் கொட்டுவதற்காக அவள் தூக்கியபோது ஓரத்துக் குச்சி ஒன்று எதிலோ உரசியிருக்கிறது. கையை உதறியிருந்தால் அவளுக்கு விரல்நுனியோடு போயிருக்கும். ஆனால் காலடியில் காய்ந்த சட்டங்கள் முந்நூறு அடுக்கியிருந்தன. அவளைச் சுற்றிப் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எரிகிறதை இரண்டு கையாலும் பிடித்தபடியே நடந்து வெளியே வந்து, வாசலில் இருந்த மணல் தொட்டிக்குள் கவிழ்த்தாள். பதினாறு எட்டு எடுத்துவைத்திருந்தாள். பிறகு நானே நடந்து எண்ணிப் பார்த்தேன்.

அது 1963, ஆடி மாதம். எதிர்க் கட்டடத்தில் இருந்த என் பரிசோதனை அறையிலிருந்து நான் ஓடிவந்தபோது அவள் மணல் தொட்டி அருகே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் உயர்த்திப் பிடித்திருந்தாள். புறங்கையும் விரல்களும் வெந்து, சில இடத்தில் தோல் வெளுத்தும் சில இடத்தில் செக்கச்செவேலென்றும் இருந்தன. உள்ளங்கை சட்டத்தின் கட்டையைப் பிடித்திருந்ததால் அவ்வளவாகப் படவில்லை. கம்பெனி வேனில் ஏற்றியதும் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது:

"கெமிஸ்டம்மா, வளையலை ஒடைச்சிருங்க. வீங்கிட்டா கழட்ட முடியாது."

சாத்தூர் ரோட்டில் டாக்டர் இராமகிருஷ்ணனின் ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் நான் அவளுடைய கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக, சில்லு குத்தாமல், ஒடித்து என் முந்தானையில் சேர்த்துக்கொண்டே போனேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஆவுடைத்தாய். மதுரையில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்து, இருபத்தோரு வயதில் அந்தத் தீப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தேன். வருகிற ரசாயனங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அதைவிட முக்கியமான வேலை, வஜ்ஜிரத்தைச் சோதிப்பது. குச்சியின் தலையில் மருந்து ஒட்டி நிற்பதே அந்தப் பசையால்தான். இளகினால் மருந்து வழியும், முறுகினால் உதிரும். எட்டு வருடத்தில் பசையைத் தொட்டுப் பார்த்தே அது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லும் அளவுக்கு வந்திருந்தேன். அப்பா பிரஸ்ஸில் போர்மேன். அங்கே மெஷினில் மை தடவுகிற ரோலர்களை வஜ்ஜிரமும் கிளிசரினும் சேர்த்துக் காய்ச்சி வார்ப்பார்கள். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும்; மை ஒட்டும், உரித்தால் உரிந்து வந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்கு நான் முதலில் போனது அதற்கு முந்தின வருடம், கம்பெனியின் சார்பாக, தீக்காயம் பட்ட ஒருவரைப் பார்க்க. கட்டுப் பிரிக்கிற நேரம் அது. வாஸலின் தடவிய வலைத்துணிதான் போடுவார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு அது மூன்று நாளில் காய்ந்து புண்ணோடு புண்ணாக ஒட்டிவிடும். நனைத்து நனைத்து இழுப்பார்கள். துணியோடு, அடியில் புதிதாக வளர்ந்திருக்கிற தோலும் வரும். மூன்று நாள் உடம்பு செய்த வேலையை ஐந்து நிமிடத்தில் பிய்த்து எறிவதுபோல் எனக்குத் தோன்றியது. அலறல் என்னை அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்று சொன்னால் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான். ஒட்டக்கூடாத இடத்தில் ஒன்று ஒட்டுகிறது. ஒட்டுவதும் ஒட்டாததும் எனக்குத் தெரிந்த விஷயம். இதற்கு ஏன் ஒரு வழி இருக்கக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த வழியைத் தேடி எட்டு மாதம் வேலை செய்தேன். கம்பெனி வேலை முடிந்து சாயங்காலம் இரண்டு மணி நேரம். முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, நாம தீப்பெட்டிக் கம்பெனியா, மருந்துக் கம்பெனியா?" என்று கேட்டார். "தீக்காயம் எந்தக் கம்பெனியில பட்டதோ அந்தக் கம்பெனி அண்ணாச்சி" என்றேன். மறுவாரம் நான் கேட்ட கண்ணாடிப் பலகைகள் வந்து இறங்கின.

பிரஸ்ஸில் படம் எடுக்கப் பயன்படுத்துகிற சுத்தமான ஜெலட்டினைக் கிளிசரினோடு காய்ச்சி, கண்ணாடி மேல் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்து உரித்தால், நிறமில்லாத ஒரு தாள் கிடைக்கும். கையில் பிடித்தால் வளையும், மடங்கும். ஆனால் முதல் தாளைச் சித்திரை வெயிலில் ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் ஒழுகித் தரையில் கிடந்தது. உடம்புச் சூட்டை அது தாங்குமா என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கவில்லை, சிவகாசிச் சூடே சொல்லிவிட்டது. அதை இறுக்க வேண்டும். படிகாரத்தில் தோய்த்தேன், பொடிந்தது. மூடிய தகர டப்பாவுக்குள் பார்மலின் ஆவியில் தொங்கவிட்டேன். பத்து நிமிடம் விட்டால் உருகியது. இரண்டு மணி நேரம் விட்டால் அட்டை மாதிரி விறைத்தது. நாற்பது நிமிடம் ஆவியில், மூன்று நாள் காற்றில் என்று வைத்தபோது உருகவும் இல்லை, விறைக்கவும் இல்லை. அந்த ஆவியே கிருமியையும் கொன்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அது அறுபத்தோராவது தாள்.

ஒருநாள் பசைக் கொப்பரை பட்டு என் மணிக்கட்டில் சுட்டது. அந்தப் புண்ணில் பாதிக்குத் துணியும் பாதிக்குத் தாளும் போட்டேன். தாள் போட்ட பாதி நான்கு நாள் முன்னால் ஆறியது. டாக்டர் அந்தத் தழும்பைப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் சென்னையில் பெரிய வேலையை விட்டுவிட்டு, எட்டுப் படுக்கையோடு ஊருக்கு வந்து உட்கார்ந்தவர். நாற்பது வயதுக்குள் தலை முழுக்க நரைத்திருந்தது. "மணிக்கட்டுல ஒரு ரூவா அகலம். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது ஆவுடை. பெருசா ஒண்ணு வேணும்" என்றார்.

அந்தப் பெரிதுதான் அன்று வேனில் வந்தது.

ஊசி போட்டு, புண்ணைக் கழுவி முடித்ததும் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "ரெண்டு கையும் பாத்தீகளா? பொறங்கை, விரலு, ஒரே ஆழம். அளந்து சுட்ட மாதிரி இருக்கு. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே நாள். இது மாதிரி நாம தேடினாலும் கெடைக்காது."

அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு அது தோன்றியிருந்தது. வேனில் வளையலை உடைத்துக்கொண்டிருக்கும்போதே. என் மனம் அப்போது குதித்தது. அதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை. ஒரு பெண் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அவளுடைய இரண்டு கைகளையும் நான் தராசின் இரண்டு தட்டுகளாகப் பார்த்தேன்.

"அவகிட்ட கேக்கணும்" என்றேன்.

"நீங்களே கேளுங்க. நான் கேட்டா டாக்டரு சொன்னாருன்னு தலையாட்டிருவா."

உள்ளே போய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன்.

"பேச்சி, இது நான் செஞ்சது. எம் மணிக்கட்டுல போட்டுப் பாத்திருக்கேன். இம்புட்டுப் பெரிய புண்ணுல போட்டதில்ல. ஒரு கையில இதப் போடலாம், இன்னொரு கையில எப்பவும் போடுற துணி. எது நல்லா ஆறுதுன்னு தெரிஞ்சுக்கிடலாம். வேண்டாம்னா வேண்டாம். ரெண்டுலயும் துணியே போட்டுருவோம்."

அவள் தாளைப் பார்த்தாள். "பாலாடை மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "துணி போட்டா என்ன ஆகும்?"

"பிரிக்கும்போது வலிக்கும். ஆறிரும். வெரலு கொஞ்சம் விறைச்சாலும் விறைக்கும்."

"இது போட்டா?"

"தெரியாது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரியில தெரியாதுன்னு சொல்ற ஆள நான் இப்பத்தான் பாக்கேன்."

"நான் டாக்டர் இல்லல்லா."

அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப இடது கையில போடுங்க. இடது கைக்கு மட்டும். சோத்துக்கை போச்சுன்னா பொழப்பு போச்சு."

அவள் புருஷன் பலவேசம் மாட்டுவண்டியில் லோடு அடிக்கிறவன். வெம்பக்கோட்டைப் பக்கம் போயிருந்தான். அவனிடமும் கேட்டுக்கொள்ளட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு, "அவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன், கை என்னுதுதான" என்றாள்.

நாங்கள் ஒரு நோட்டில் எழுதினோம். பதினான்கு நாள். இடது கை தாள், வலது கை துணி. நாளொன்றுக்கு ஒருமுறை காய்ச்சல் பார்ப்பது, மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்றுவது. ஒவ்வொரு விரலும் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பது. விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஸ்கேலை வைத்து எத்தனை அங்குலம் என்று குறிப்பது என் வேலை.

மூன்றாம் நாள் கட்டு மாற்றினோம். வலது கையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தே கால் மணி நேரம் ஆயிற்று. அப்படியும் நடுவிரலில் துணி வரும்போது ரத்தமும் கூடவே வந்தது. பேச்சியம்மாள் கத்தவில்லை, பலவேசத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். இடது கையில் தாளின் ஓரத்தை இடுக்கியால் தூக்கினேன். அது தானாக வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அடியில் ஈரமாக, இளஞ்சிவப்பாக, கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி இருந்தது புண். டாக்டர் குனிந்து பார்த்தார். "முடிஞ்சுதா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள், முகத்தை எடுக்காமல். முடிந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஆள் அனுப்பினார் டாக்டர். நான் போய் அறைக்குள் நுழையும்போதே வாடை தெரிந்தது. இடது கைச் சுண்டுவிரலில் தாளுக்கு அடியில் நீர் தேங்கிச் சீழ் கட்டியிருந்தது. காய்ச்சல் நூற்றொன்று. டாக்டர் அந்த இடத்தில் தாளை வெட்டி எடுத்தார், கழுவினார், பென்சிலின் அளவைக் கூட்டினார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பிரஸ்ஸுக்குப் போய் அப்பாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தேன். தோற்றுவிட்டேன் என்று தோன்றவில்லை. கோபம்தான் வந்தது, இதை முன்கூட்டியே யோசிக்காததற்கு. ஒட்டாமல் இருப்பதை மட்டும் பார்த்தேனே தவிர, புண் நீர் விடும், அது எங்கே போகும் என்று பார்க்கவில்லை. துணிக்கு இருக்கிற ஒரே நல்ல குணம் அதில் ஓட்டை இருப்பது. என் தாளில் அது இல்லை. எதிரே ஒரு பையன்கூட இல்லாத மத்தியான நேரம். ரசீதுப் புத்தகத்துக்குத் துளை போடுகிற மெஷின் மூலையில் நின்றது. கிழிப்பதற்கு வசதியாகத் தாளில் வரிசையாகப் பொடித் துளை போடும் மெஷின். பையில் இருந்த என் ஜெலட்டின் தாள் ஒன்றை அதில் வைத்துக் காலால் மிதித்தேன். ஒரு வரிசை விழுந்தது. கால் அங்குலம் நகர்த்தி மறுபடி மிதித்தேன்.

"அதுல என்னத்தப் போடுத?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு கைக்கு மூச்சுவிட வழி போடுதேன்."

அவர் எழுந்து வந்து பார்த்தார். ஊசி வரிசையில் ஒட்டியிருந்த பேப்பர் தூசியைப் பார்த்துவிட்டு, "ஊசியைக் கழட்டித் தாரேன். வேக வச்சு எடுத்துட்டு வா. இந்த அழுக்கோட புண்ணுக்குக் கொண்டுபோவியா?" என்றார்.

ஆறாம் நாள் துளை போட்ட தாளைச் சுண்டுவிரலில் சுற்றி, மேலே பஞ்சு வைத்தோம். நீர் துளை வழியே பஞ்சுக்குப் போயிற்று. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அன்று சாயங்காலம் பலவேசம் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, நடுவில் தண்ணீர் தம்ளரை அவள் இடது கையால் தானே எடுத்துக் குடித்ததைப் பார்த்தேன். அவளுக்கே அது தெரியவில்லை. குடித்து முடித்து வைத்த பிறகுதான் தம்ளரையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எட்டாம் நாள் நான் அளந்தேன். இடது கை நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் அரை அங்குலம். வலது கையில் இரண்டே கால். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்ன எழுதுதீக?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"அப்ப இடது கை செயிச்சிருச்சு."

"ஆமா."

"இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடிப் பாப்பீக?"

"இன்னும் ஆறு நாளு."

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் உயரவில்லை. "ரெண்டும் என் கைதான கெமிஸ்டம்மா. எது நல்லதுன்னு தெரிஞ்ச பெறகும் ஒண்ணுக்கு மட்டும் ஏன் நல்லது செய்தீக?"

எனக்குப் பதில் தெரியும். ஒரு கேள்வி கேட்டால் அதைக் கடைசிவரை கேட்க வேண்டும், பாதியில் எழுந்து போனால் பதில் கெட்டுவிடும் என்பதுதான் நான் படித்த படிப்பு. எட்டு நாள் முந்துகிற கை பதினான்காம் நாள் பின்தங்கலாம். இதையெல்லாம் அவளுக்குப் புரியும்படி என்னால் சொல்லியிருக்க முடியும். அவள் கெட்டிக்காரி, புரிந்தும் கொள்வாள். வாயைத் திறந்தபோது, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தது. அவள் சம்மதித்தது இரண்டில் எது நல்லது என்று தெரியாத நாளில். இப்போது தெரியும். அந்தச் சம்மதம் முந்தாநாளே தீர்ந்துபோய்விட்டது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

நோட்டை மூடிவிட்டு டாக்டரின் அறைக்குப் போனேன்.

"வலது கைக்கும் தாளைப் போட்டுருவோம்" என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். "பதினாலு நாளுன்னு நாமதான எழுதுனோம். எட்டோட நிறுத்தினா மெட்ராஸ்ல ஒருத்தரும் நம்ப மாட்டாக."

"நம்பாட்டிப் போகட்டும்."

"அது மட்டுமில்ல. மூணு நாளைக்கு முந்தித்தான் இந்தத் தாளுக்கடியில சீழ் பிடிச்சுது. சோத்துக்கையிலயும் பிடிச்சா? ரெண்டு கையும் போயிட்டா அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

அது நியாயமான பயம். அவரை இன்றுவரை நான் மதிப்பது அவர் அந்தப் பயத்தை மறைக்காமல் சொன்னதற்காகத்தான். நான் நோட்டைத் திறந்து அளவுகளைக் காட்டினேன்.

"துளை போட்ட பெறகு சீழ் வரல. காய்ச்சல் இல்ல. இந்தா, ரெண்டே கால் அங்குலம். இன்னும் ஒரு வாரம் இப்பிடியே கெடந்தா அது நெரந்தரமாயிரும்னு நீங்கதான் சொன்னீக. நம்ம நோட்டுக்காக அவ வெரலு விறைச்சுப் போகணுமா? நமக்குக் கேள்வி பாக்கி இருந்தா, அடுத்து வர்ற பத்துப் பேருகிட்ட கேப்போம். இவ தன் பங்குக்குச் சொல்லிட்டா."

"அடுத்த பத்துப் பேருகிட்டயும் பாதியில நிறுத்துவீகளா?"

"எப்ப நிறுத்தணும்னு முன்கூட்டியே எழுதி வச்சு, அவுகளுக்கும் சொல்லி, அந்த எடத்துல நிறுத்துவேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு சோப்பை எடுத்தார். "எத்தன தாளு இருக்கு?" என்றார்.

"பதினாலு."

"துளை போட்டதா?"

"எல்லாம்."

இடது கை பதினேழாம் நாள் ஆறியது. முழுதாக முஷ்டி பிடித்தாள். வலது கைக்கு முப்பத்தோரு நாள் ஆயிற்று. கட்டைவிரலும் அடுத்த இரண்டும் நன்றாக மடங்கின. மோதிர விரலும் சுண்டுவிரலும் பாதிவரைதான் வந்தன. எண்ணெய் தேய்த்து எவ்வளவோ நீவியும் அதற்குமேல் வரவில்லை. முதல் நாளே அந்தக் கைக்கும் தாளைப் போட்டிருந்தால் மடங்கியிருக்குமா என்று ஒருநாள் அவள் கேட்டாள். மடங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"நான்தான இடது கைன்னு சொன்னேன்" என்றாள்.

"கேட்டது நான்."

முதல் நாளே போட வேண்டும் என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது, அது தெரிந்ததே அவளுடைய அந்தக் கையால்தான். இதை நான் எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரியான கணக்குத்தான். ஆனாலும் அந்த இரண்டு விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் வேனில் என் மனம் குதித்தது நினைவுக்கு வரும். வரட்டும் என்று விட்டுவிட்டேன். வராமல் போனால்தான் நான் பயப்பட வேண்டும்.

டாக்டர் எழுதி அனுப்பிய கட்டுரை சென்னையிலிருந்து திரும்பி வந்தது. நோயாளி ஒருவர்தான், ஒப்பீடும் பாதியில் நின்றுவிட்டது, மேலும் பலரிடம் செய்துவிட்டு எழுதவும் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். டாக்டர் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் நேரமில்லை, அதற்குள் எங்களிடம் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். இப்போது எங்களுக்கு ஒரு விதி இருந்தது. புண்ணில் ஒரு கையகலத்துக்கு மட்டும் துணி, மற்றதற்குத் தாள். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்து, எது நன்றாக இருக்கிறதோ அதை முழுவதற்கும் போடுவது. போடுவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிடுவோம், மூன்றாம் நாள் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து.

ஒன்றரை வருடத்தில் முப்பத்து நான்கு பேர் ஆனார்கள். இருபத்தொன்பது பேருக்குத் தாள் நன்றாக வேலை செய்தது. நான்கு பேருக்குச் செய்யவில்லை. மூவருக்குச் சீழ், ஒருவருக்குத் தாளே ஒத்துக்கொள்ளாமல் சுற்றிலும் தடித்துவிட்டது. ஒருவர் இறந்துபோனார். திருத்தங்கல் பக்கத்துக்காரர், உடம்பில் பாதிக்கு மேல் வெந்திருந்தது. தாள் அவரைக் காப்பாற்றாது என்று போடும்போதே எங்களுக்குத் தெரியும். வலி குறையட்டும் என்றுதான் போட்டோம். அந்த ஐந்தையும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்றேன். "கடைசிப் பக்கத்துல போட்டா ஆகாதா?" என்றார் டாக்டர். கடைசிப் பக்கம் வரை யாரும் படிப்பதில்லை என்றேன். முதல் பக்கத்தில்தான் வந்தது. இரண்டாவது முறை கட்டுரை திரும்பி வரவில்லை.

பேச்சியம்மாளால் பழைய வேகத்தில் சட்டம் பிரிக்க முடியவில்லை. முதலாளி அவளைப் பெட்டி எண்ணுகிற வேலைக்குப் போகச் சொன்னார். அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஒங்க பாலாடைய யாரு உரிக்கா?"

"நான்தான்."

"நேத்து ஆஸ்பத்திரியில ஒண்ணு பாத்தேன். ஓரம் கிழிஞ்சிருந்துச்சு."

"அவசரத்துல உரிச்சிட்டேன்."

"எங்கிட்ட விடுங்க. அது புண்ணுல எப்பிடி ஒக்காரும்னு ஒங்களவிட எனக்குத் தெரியும்."

அது உண்மை. அண்ணாச்சியிடம் நானே போய்ப் பேசினேன். அவர் அவளுடைய கைகளைக் காட்டச் சொல்லவில்லை. நேராகப் பார்க்காமல், "பதினாறு எட்டு நடந்தவ. எங்க வேணாலும் இருக்கட்டும்" என்றார்.

கட்டுரை அச்சானதற்கு அடுத்த ஐப்பசியில் மதுரையிலிருந்து ஓர் ஆஸ்பத்திரி இருநூறு தாள் கேட்டு எழுதியது. எழுதின வாரமே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழை என்றால் எல்லாத் தொழிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தாள்கள் காயவில்லை. தொட்டால் விரலோடு வந்தன. ஈரத்தோடு அனுப்பினால் பூசணம் பிடிக்கும். இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். பிரஸ்ஸில் கரி அடுப்பு வைத்துச் சூடாக்கிய ஒரு கூடம் உண்டு, அச்சடித்த காலண்டர்களைக் காயப்போடுவதற்கு. சீசன் நேரம், அங்கே இடம் கிடைக்காது என்றார். பிறகு அவரே நான்கு கொடியைக் காலி செய்து கொடுத்தார்.

ஆவியில் காட்டி எடுத்த தாள்களை ஈயப் பெட்டியில் வைத்துத் துணி மூடி, குடையைப் பிடித்துக்கொண்டு நானும் பேச்சியம்மாளும் கொண்டுபோனோம். கூடத்தில் கொடி கொடியாக முருகனும் லட்சுமியும் மயிலும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் மை இன்னும் காயாத வாடை. நடுவில் மெல்லிய துணியால் மறைத்த நான்கு கொடிகளில் எங்கள் தாள்களை மாட்டினோம். மாட்டி முடித்ததும் அவை கண்ணுக்கே தெரியவில்லை. அடுப்புச் சூட்டில் காற்று அசையும்போது மட்டும் பின்னால் இருந்த மயிலின் கழுத்து லேசாக நெளிந்தது.

இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். கடிகாரத்தை நான் கொண்டுவந்திருந்தேன். ஆனால் பேச்சியம்மாள் ஏற்கெனவே எழுந்துவிட்டாள். கொடியின் ஒரு கோடியிலிருந்து மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு தாளின் அடிநுனியையும் மடங்காத அந்தச் சுண்டுவிரலின் பக்கவாட்டால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றில் நின்றாள், மறுபடி தொட்டாள், இன்னும் காயவில்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். வெளியே தகரக் கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.